ஒஸ்லோவுக்குப் போன கரிசல் மண்

பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒஸ்லோ விமான நிலையத்துச் சுங்க அதிகாரி கேட்டார். மண் என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் மண் என்றேன். கையிலிருந்த அனுமதிக் காகிதங்களை நீட்டினேன். ஒரு பொட்டலத்தைத் தூக்கி விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கல் மாதிரி இருக்கிறதே, இதில் என்ன விளையும் என்றார். சோளம், உளுந்து, பருத்தி, மிளகாய் என்று வரிசையாகச் சொன்னேன். நம்பாத முகத்தோடு பையை மூடிக் கொடுத்தார்.

நான் கோவில்பட்டிப் பக்கத்தில் மானாவாரி விவசாய ஆராய்ச்சியில் அப்போதே இருபது வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தவள். மழையை மட்டும் நம்பி விதைக்கிற நிலத்தில், மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் நுண்ணுயிர்களை அளப்பதுதான் என் பிழைப்பு. ஒஸ்லோவுக்குத் தெற்கே, ரயிலில் அரை மணி தூரத்தில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், மண் விடும் மூச்சை மணிக்கு மணி அளக்கிற கருவி இருந்தது. எங்களிடம் கிடையாது. அதற்காகத்தான் ஓர் ஐப்பசி மாதத்தில், ஊரில் எல்லாரும் விதைப்புக்கு மேகம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு வாரத்துக்கு நார்வே போனேன். கைப்பேசி இன்னும் எல்லார் மடியிலும் வந்து உட்காராத காலம் அது.

மண் பேச்சியம்மாளுடையது. கயத்தாற்றுக்கு வடக்கே நாலு ஏக்கர் கரிசல். புருஷன் இறந்த பிறகு அவரே நின்று விதைக்கிறார். மூன்று வருஷமாக அந்த நாலு ஏக்கரில் பாதியில் மட்டும் ஆட்டுக்கிடை போட்டு வந்தோம். அறுப்பு முடிந்த காட்டில் மந்தையைக் கொண்டுவந்து அடைத்து வைப்பதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் அப்படியே மண்ணில் இறங்கும். மற்றப் பாதியில் கிடையும் இல்லை, மாட்டுக் குப்பையும் இல்லை, உரமும் இல்லை. விதைப்பு மட்டும் இரண்டிலும் ஒன்றுபோல. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஒரு பாதியைச் சும்மா விட்டாக வேண்டும், எங்கள் தொழிலில் அதுதான் முறை. பேச்சியம்மாள் வருஷா வருஷம், இந்தப் பாதிக்கும் ரெண்டு வண்டி குப்பை அடிச்சுக்கிடட்டுமா மேடம் என்று கேட்பார். கூடவே கூடாது என்று நான் சொல்லிவிடுவேன்.

எங்கள் மேலதிகாரிக்குக் கிடை என்றாலே இளக்காரம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றையும் சோதித்துப் பார்த்தால் இரண்டு பாதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அப்புறம் என்ன கிடை வேண்டிக்கிடக்கிறது என்பார். வித்தியாசம் சத்தில் இல்லை, உயிரில் இருக்கிறது என்று நான் மூன்று வருஷமாக அவரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறையாவது அவர் வாயை அடைத்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதை மறைப்பானேன்.

ஆனால் நான் புறப்படும்போது விஷயம் அதோடு நிற்கவில்லை. அந்த வருஷங்களில் காற்றாலைக்காரர்கள் எங்கள் பக்கத்துக் கரிசலை வளைத்து வளைத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மண் எடுக்கப் போன அன்று பேச்சியம்மாள் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"எங்க கொழுந்தன் இது செத்த மண்ணுங்காரு மேடம். நாலையும் காத்தாடிக்காரங்களுக்குக் குடுத்துருவோம்ங்காரு. நீங்க வெளிநாட்டுல பாத்துச் சொல்லுங்க, இதுல உசுரு இருக்கா இல்லையா? இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தீபாவளிக்குள் பதில் வேண்டும் என்றார். ஊர்ப் பெட்டிக்கடை போனுக்கு, நான் சொல்கிற நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து நிற்பதாக ஏற்பாடு. ஆக எட்டுப் பொட்டலம் மண்: கிடைப் பாதியில் நாலு, சும்மா விட்ட பாதியில் நாலு. பெட்டி தொலைந்தால் எல்லாம் போய்விடுமே என்று ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைத் துணிப்பையில் கட்டிக் கையோடும், மறு பங்கைத் தடித்த பாலிதீன் உறையில் ஒட்டிப் பெட்டியிலும் வைத்திருந்தேன். நினைத்த மாதிரியே பெட்டி வந்து சேரவில்லை. வழியில் ஏதோ ஓர் ஊரில் தங்கிவிட்டது. அதில்தான் என் கம்பளிச் சட்டையும் இருந்தது.

நான் தங்கியது ஒஸ்லோவின் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவில், ராணி வீட்டில். கோவில்பட்டியில் எனக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அம்மாளின் தங்கை. ராணி ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்க்கிறார். கணவர் சிவநேசன் எண்பதுகளில் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் எட்டு வருஷம் நின்றவர், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடப் பராமரிப்பு. நான் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் ராணி ஒரு கேள்வியும் கேட்காமல் தன் குளிர் அங்கியை எடுத்து மாட்டிவிட்டார். எனக்கு முழங்கால் வரை வந்தது, கை மட்டும் எட்டவில்லை. பெட்டி வரும்வரை முக்கால் கை அங்கியோடுதான் அலைந்தேன்.

புட்டும் சொதியும் வைத்தார்கள். சொதி என்பது தேங்காய்ப் பாலில் மஞ்சள் போட்ட, காரமில்லாத குழம்பு. அதன் பக்கத்திலேயே ஒரு மீன் குழம்பு, காரத்தில் காது அடைத்தது. நீங்கள் இந்தியாவிலை எல்லாத்துக்கும் சாம்பார் விடுவீங்கள் என்ன, என்று சிவநேசன் கேட்டார். அவர் 'என்ன' என்று முடித்தது கேள்வி இல்லை, தீர்ப்பு. எங்கள் பக்கத்தில் சோளச் சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்புதான் என்று சொன்னதும் என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடம் போனேன். அங்கே என்னை வரவேற்றவர் யோருன் என்ற ஆய்வகப் பணியாளர். ஐம்பது வயதுப் பெண்மணி, தடித்த கண்ணாடி, வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொன்னார். வீட்டில்தான் செருப்பைக் கழற்றுவோம், ஆபீசில் கழற்றியது அன்றுதான். கூடமெல்லாம் கம்பளிக் காலுறையோடு நடக்கிற விஞ்ஞானிகள். கோவில்பட்டியில் நான் இப்படி நடந்தால் காலில் தேள் கொட்டும்.

மதியம் யோருன் ஒரு டப்பாவைத் திறந்தார். நாலு ரொட்டித் துண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே எண்ணெய்க் காகிதம், மேலே பழுப்பு நிறச் சீஸ். எனக்கும் ஒன்று தந்தார். அடிப்பிடித்த பால்கோவாவில் உப்புப் போட்டதுபோல இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கித் தின்றேன் என்பது வேறு விஷயம்.

கையோடு கொண்டுபோன எட்டுத் துணிப்பைகளையும் அன்று அவரிடம் ஒப்படைத்தேன். பைகளைத் தொட்டுப் பார்த்து அவர் முகம் சுருங்கிவிட்டது. எவ்வளவு நாளாக இப்படிக் காய்ந்து கிடக்கிறது என்று கேட்டார். தை மாதத்திலிருந்து என்று கணக்குப் பார்த்து, ஒன்பது மாதம் என்றேன். பாவம், என்றார். அவர் யாரைப் பாவம் என்றார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை அளக்கத் தொடங்கலாம் என்று பேசிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் காய்ந்த மண் மாதிரியை அளக்கிற நிமிஷம் வரைக்கும் நனைக்க மாட்டார்கள். அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

சனிக்கிழமை ராணி வீட்டு அடுக்குமாடியில் 'டுக்னாட்' நடந்தது. குடியிருப்பில் உள்ள எல்லாரும் ஒருநாள் சேர்ந்து கூலியில்லாமல் வளாகத்தைச் சுத்தம் செய்யும் வழக்கத்துக்கு அப்படிப் பெயர். வராவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றார் ராணி. சோமாலியப் பெண்கள், பாகிஸ்தானியர் ஒருவர், வயதான நார்வேக்காரர்கள், நாங்கள். ஆளுக்கொரு வாருகோலோடு உதிர்ந்த இலைகளை அள்ளி மூட்டை கட்டினோம். எனக்கு மனசு கேட்கவில்லை. மண்ணுக்குப் போக வேண்டிய சாப்பாட்டை இப்படிக் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றுகிறீர்களே என்று பக்கத்தில் நின்ற நார்வேக் கிழவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இந்த மண்ணுக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கிறது என்றார்.

ஓர் இலைக் குவியலுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். கறுப்பாக, சில்லென்று, பிழிந்தால் தண்ணீர் வருகிற மண். மண்புழு நெளிந்தது. இருபது வருஷம் மண்ணோடு வேலை செய்கிறேன், ஒரு நாளும் இவ்வளவு ஈரத்தைத் தொட்டதில்லை. பொறாமையாக இருந்தது. பிறகு வாளியில் இஞ்சி ரொட்டியும் கூஜாவில் காப்பியும் வந்தன. எல்லாரும் நின்றபடியே குடித்தோம்.

திங்கட்கிழமை போனால் எட்டுக் கண்ணாடிக் குடுவைகளில் என் மண் நனைந்து கிடந்தது. கறுத்து, உப்பி, மேலே ஈரப் பளபளப்போடு. யோருன் பெருமையாகக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமை நீங்கள் போனதும் நனைத்துவிட்டேன். காய்ந்த மண்ணை நனைத்தவுடன் ஒரு தாறுமாறான மூச்சு வரும், அது அடங்கட்டும் என்று நாங்கள் ஒரு வாரம் விடுவோம். உங்களுக்கு நாள் குறைவு இல்லையா, அதனால் முன்னாலேயே தொடங்கிவிட்டேன்."

அந்தத் தாறுமாறான மூச்சை அளக்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன். கரிசல் ஒன்பது மாதம் வெந்து கிடக்கும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் தின்பதும் இல்லை, சாவதும் இல்லை, சுருண்டு படுத்திருக்கும். முதல் மழை விழுந்த சில மணி நேரத்தில் எல்லாம் எழுந்து, பசியோடு தின்று, மூச்சுவிட்டு, பயிருக்கு வேண்டியதை அவிழ்த்துவிடும். விதை முளைப்பது அந்த ஓரிரண்டு நாள் தெம்பில்தான். எத்தனை உயிர் எழுந்திருக்கிறது என்று அப்போது மட்டும்தான் பார்க்க முடியும். அடங்கிய பிறகு எல்லா மண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் வாருகோலோடு இலை கூட்டிக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமையில், பேச்சியம்மாளின் மண் யாரும் பார்க்காமல் மூச்சுவிட்டு முடித்திருந்தது.

கோபப்பட ஆள் இல்லை. அவர் செய்தது அவர்கள் ஊர் முறை. வருஷம் முழுக்க ஈரமாகவே இருக்கும் மண்ணை அளக்கிறவர்களுக்கு, காய்ந்த மண் என்பது ஆய்வகத்தில் நடந்த விபத்து. ஆகவே விபத்தின் பாதிப்பு அடங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அதை நான் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டபிறகும் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

வந்து யோருனிடம் எல்லாவற்றையும் உட்கார்ந்து சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். கேட்டிருக்க வேண்டும் என்றார். சொல்லியிருக்க வேண்டும் என்றேன். மறுபங்கு பெட்டியில் இருக்கிறது, பெட்டி வந்தால் பிழைத்தேன் என்றதும் அவரே விமான நிலையத்துக்குப் போன் போட்டு, நார்வே மொழியில் யாரையோ பத்து நிமிஷம் விடாமல் பிடித்துக்கொண்டார். நாளை வீட்டுக்கே வருமாம்.

அன்று திரும்பும்போது மனசு இருந்த நிலையில் ஹவுகன்ஸ்டுவா என்று நினைத்து ஹவுகெட்டோவில் இறங்கிவிட்டேன். பலகையில் பாதிப் பெயரைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன், அவ்வளவுதான். தூறலில் ஒரு தெருவும் பிடிபடவில்லை. நிலையத்துக்கே திரும்பினேன். நடைமேடையில் நின்ற ஒரு பெண், ஆஸ்பத்திரித் தாதி என்று பிறகு தெரிந்தது, என்னைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார். "அன்ரி, நீங்கள் இந்தியாவே? ஹவுகன்ஸ்டுவாவுக்கு இஞ்சை இருந்து நேரே போகேலாது. அங்காலைப் பக்க ஸ்பூருக்குப் போய், சென்ட்ரலிலை இறங்கி மாறுங்கோ." ஸ்பூர் என்றால் தண்டவாள மேடை. இங்கே வளர்ந்த பெண்ணாம், தமிழ் அவ்வளவு வடிவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். எனக்கு நன்றாகத்தான் விளங்கியது.

செவ்வாய்க்கிழமை ஆய்வகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் ராணி வீட்டுக்குப் போன் செய்தேன். சிவநேசன் எடுத்தார். பெட்டி வந்துவிட்டது, மழையில் தொப்பலாக நனைந்திருந்தது, உடுப்பெல்லாம் குளியலறைச் சூட்டுத் தரையில் காயப் போட்டாயிற்று என்றார். மண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"அதுக்கு ஒண்டும் இல்லை அக்கா. 'உயிருள்ள மண், நனைக்கக் கூடாது' எண்டு தமிழிலை எழுதிக் கிடந்தது. உயிருள்ள சாமான் வெளியிலை கிடந்தால் பழுதாப் போயிடுமெல்லோ. ஃப்ரீசருக்கை மீனோடை வைச்சிட்டன்."

எட்டு வருஷம் மீன் தொழிற்சாலையில் நின்ற மனிதர் வேறு எதைச் செய்வார்? உயிர்ச் சரக்கு என்றால் ஐஸ். ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். காய்ந்த மண்ணில் உறைவதற்குத் தண்ணீர் கிடையாது, உறையைக் கிழித்திராவிட்டால் குளிர் ஒன்றும் செய்யாது. ஆனால் வெளியே எடுத்துத் திறந்ததும் காற்றின் ஈரம் குளிர்ந்த மண்ணில் படியும். படிந்தால் இரண்டாவது பங்கும் போச்சு.

வீட்டுக்குப் போனதும் ஃப்ரீசரைத் திறக்கப் போன என்னை சிவநேசன் தடுத்தார். "கை வையாதேங்கோ அக்கா. சாமானை எடுத்து உடனே உறையைத் திறந்தால் உள்ளுக்கை வேர்க்கும். எடுத்து அப்பிடியே மேசையிலை வையுங்கோ. வெளியிலை வேர்த்து, வேர்வை காஞ்சு, தொட்டால் வீட்டுச் சூடு வரவேணும். பிறகுதான் திறக்கலாம். ஏற்றுமதிப் பெட்டியளுக்கு அங்கை நாங்கள் இதைத்தான் செய்தனாங்கள்." நான் சொல்ல நினைத்ததை எனக்கே பாடம் எடுத்தார். எட்டு உறைகளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தோம். வெளியே நீர் முத்து முத்தாகப் பூத்தது. ராணி துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தார். அன்று எல்லாரும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். மண்ணைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோமே, இது செத்தவீடோ பிள்ளைப்பேறோ என்று ராணி கேட்டார்.

புதன்கிழமை காலையில் யோருன் முன்னாலேயே வந்து காத்திருந்தார். உறைகளைத் திறந்தோம். மண் பொடபொடவென்று உதிர்ந்தது. எனக்கு உயிர் வந்தது. எட்டுக் குடுவை, எட்டுக்கும் ஒரே அளவுத் தண்ணீர், ஒரே நிமிஷத்தில் ஊற்றினோம். மூடியை அடைப்பதற்குள் அறையில் நம்ம ஊர் முதல் மழை வாசனை நின்றது. யோருன் மூக்கை உறிஞ்சி, இது என்ன என்று கேட்டார். இதுதான் அந்தத் தாறுமாறான மூச்சு என்றேன்.

கருவி குடுவைக்குள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அதில் உள்ள கரியமில வாயுவை அளந்து, திரையில் கோடு போடும். முதல் மணி நேரம் எட்டுக் கோடும் தரையோடு கிடந்தன. மத்தியானம் பழுப்புச் சீஸைக் கடித்துக்கொண்டே பார்த்தபோது நாலு கோடுகள் தலை தூக்கியிருந்தன. நாலும் கிடைப் பாதி. சாயங்காலத்துக்குள் அவை ஒரே ஏற்றமாக ஏறின. மற்ற நாலும் எழுந்தன, ஆனால் படுக்கையிலிருந்து முதுகு வலியோடு எழுந்திருக்கிற ஆள் மாதிரி. வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றே வருஷத்தில் இவ்வளவு இருக்கும் என்று நானே நினைக்கவில்லை.

யோருனுக்கு என்னைவிடச் சந்தோஷம். வெள்ளிக்கிழமை வரை அந்தத் திரையை விட்டு அவர் நகரவில்லை. இவ்வளவு நாளும் இந்தப் பாய்ச்சலை வீணென்று கீழே கொட்டிக்கொண்டிருந்தோமே என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். ஆய்வுக்கூடத்துத் தலைவரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் என் கையைக் குலுக்கி, இன்னும் இரண்டு வருஷம் இதே நிலத்தில் இதே ஒப்பீட்டைத் தொடர்ந்தால் சேர்ந்தே செய்யலாம் என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. மேலதிகாரியின் மேசையில் இந்தக் கோடுகளை வைக்கிற காட்சியை ரயிலில் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுண்டியது.

சனிக்கிழமை பேச்சியம்மாளோடு பேசுகிற நாள். ராணி ஒரு போன் அட்டையைச் சுரண்டித் தந்தார். இங்கே மத்தியானம் இரண்டரை, அங்கே ஆறு. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. நல்ல விதைப்பு மழை மேடம், என்றார் பேச்சியம்மாள்.

கிடை போட்ட பாதியில் உயிர் கொட்டிக் கிடக்கிறது என்று சொன்னேன். இந்த ஊர்க்காரர்களே அசந்து போனார்கள், யாரும் அதைச் செத்த மண் என்று சொல்ல முடியாது, காகிதத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். என் குரலில் இருந்த கொண்டாட்டம் எனக்கே கேட்டது.

"அப்ப மத்தப் பாதி?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அங்கே சொல்லியிருக்க வேண்டும். சாகவில்லை, ரொம்ப இளைத்துப்போயிருக்கிறது என்றேன்.

"அப்பச் சரி மேடம். கொழுந்தன் நாலையும் கேட்டுக்கிட்டுக் கெடக்காரு, ஒண்ணுங் குடுக்காம விட மாட்டாரு. காத்தாடிக்காரங்களுக்கு ரெண்டு போதுமாம். எந்த ரெண்டக் குடுக்கன்னுதான் முழிச்சுக்கிட்டிருந்தேன். அந்தப் பாதியக் குடுத்துட்டு இந்தப் பாதியக் காப்பாத்திக்கிடுதேன்."

வேண்டாம் என்றேன். அங்கேயும் இரண்டு வருஷம் கிடை போட்டால் எழுந்துவிடும், நானே மந்தைக்காரக் கீதாரியிடம் பேசுகிறேன், குப்பை ஏற்பாடு பண்ணுகிறேன் என்று வேகவேகமாகச் சொன்னேன். ரெண்டு வருசம் யாரு மேடம் பொறுப்பா, அவரு தீவாளிக்குள்ள கேக்காரு என்றார் பேச்சியம்மாள். குரலில் வருத்தம்கூட இல்லை. கணக்கு முடிந்த நிம்மதி இருந்தது.

"பேச்சியம்மா, அந்தப் பாதியைப் பட்டினி போடச் சொன்னது நான்தானே. நீங்க குப்பை அடிக்கட்டுமான்னு கேட்டப்பல்லாம் தடுத்தது நான்தானே" என்றேன்.

"நீங்க சொன்னீங்க, நான் போட்டேன். அதுனாலதான எது நல்ல பாதின்னு தெரிஞ்சுச்சு" என்றார். நல்லாயிருங்க மேடம், குளுருல பாத்து இருங்க என்று சொல்லிப் போனை வைத்தார்.

ராணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நல்ல செய்தியோ என்று கேட்டார். ஓம் என்றேன், அவர் பாஷையிலேயே. ஜன்னலுக்கு வெளியே ஒரு வாரத்துக்கு முன் நாங்கள் கூட்டிய புல்வெளியில் மறுபடியும் இலை கொட்டியிருந்தது.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துத் தலைவரிடம் போய், ஒப்பீட்டைத் தொடர நிலம் இல்லை என்று சொன்னேன். வேறு விவசாயியைப் பிடிக்கலாமே, ஒரு பாதியைச் சும்மா விட யாராவது கிடைப்பார்கள் என்றார். கிடைப்பார்கள்தான். கேட்டால் விடுவார்கள். நான் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து கோடுகளை மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். பரவாயில்லையே என்றார். அவ்வளவுதான். நான் நினைத்திருந்த முகம் எதுவும் வரவில்லை, வந்திருந்தாலும் எனக்குப் பார்க்கத் தெம்பில்லை. தை மாதத்தில் பேச்சியம்மாளின் கிடைப் பாதியில் உளுந்து நன்றாகக் காய்த்தது. மற்றப் பாதியில் காற்றாலைக்குக் குழி தோண்டி, ஜல்லி கொட்டி, லாரி போக ரோடு போட்டிருந்தார்கள்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். அதில் இரண்டு பாதிக்கும் ஒவ்வொரு வரி. முதல் பாதிக்கு நேரே 'ஆட்டுக்கிடை, மூன்று ஆண்டுகள்' என்று இருக்கிறது. இரண்டாவது பாதிக்கு நேரே, எங்கள் வழக்கப்படி, 'எதுவும் செய்யப்படவில்லை' என்று எழுத வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அப்படியேதான் எழுதினேன்.